அம்மா இருக்கும் ஊர்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் வந்தது. நவநீதன் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, கைப்பேசியைத் திறந்தான். எப்போதும் போல முதலில் பொருளைப் பார்த்தான். நேற்றைய பொருள் மழை. முந்தாநாள் சமையலறை. இன்று மூன்றே எழுத்து.

அம்மா.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவன் குழாயைத் திருகி மூடினான். மேடையைத் துடைக்கவில்லை.

பதினொரு சொற்கள். இடமிருந்து வலம் ஆறு, மேலிருந்து கீழ் ஐந்து. ஒன்பது மணிக்குக் கட்டம் மூடிவிடும். அதற்குள் பதினொன்றும் பச்சையாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் போய்விடும்.

எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். போன மாதம் ஒரு நாள் பொருள் 'பழங்கள்'. வாழை, கொய்யா, சப்போட்டா என்று எழுத யாருக்குத்தான் தெரியாது. எட்டு நிமிடத்தில் எழுதி முடித்தான். அன்றைய எட்டுச் சொல்லும் மஞ்சளாகவே நின்றன. சொல் சரி, ஒட்டவில்லை என்று அர்த்தம். மறுநாள் காலை மகள் மிருதுளா வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதப் பிரிச்சுக் குடுங்கப்பா" என்றாள். அதன் பெயரைச் சொல்லிக் கொடுத்தான். திருப்பிச் சொன்னாள். பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அவளிடம் அந்தச் சொல் இல்லை. இன்றுவரை இல்லை. பழம் மட்டும் என்றால் பரவாயில்லை. தோட்டத்தில் கொய்யா மரத்தடியில் அவள் விளையாடிய நாட்களும் சேர்ந்து போயிருந்தன. அந்த மரத்தைப் புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

தைக் காய்ச்சலின் வேலை அது. தை மாதம் வந்ததால் அந்தப் பெயர். பெரியவர்களை ஒரு வாரத்தில் முடித்தது, இல்லையென்றால் விட்டுவிட்டது. அவன் மனைவி தாரணியை ஐந்தே நாளில் முடித்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. குழந்தைகளை அது கொல்லவில்லை. சொற்களைப் பிடித்து வைத்திருக்கும் பசையைக் காய வைத்துவிட்டுப் போனது. சொற்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. ஒரு கொத்தோடு அதைச் சுற்றியிருந்த நாட்களும் உதிர்ந்தன.

அதற்குத்தான் காதுப்பொட்டும், தினம் வரும் இந்தக் கட்டமும். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு, கூட இருக்கும் பெரியவருக்கு ஒன்று. ஒட்டுப்பொட்டு அளவுதான் இருக்கும்.

நவநீதன் டாக்டர் ஹசீனாவை அழைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"பாத்துட்டேன், நவநீதன். எனக்கும் வந்துச்சு."

"இன்னிக்கு வேண்டாம் டாக்டர். நாளைக்குத் தள்ளி வெக்க முடியுமா?"

"நான் வெக்கிறது இல்லையே. நேத்து தூக்கத்துல அவளுக்கு எந்தக் கொத்து ஆடுச்சோ அதுதான் வருது. நாளைக்குன்னா நாளைக்கு அது இருக்காது."

"இருக்காதுன்னா?"

"போட்டோவக் காட்டினா யாருன்னு கேப்பா."

"தாரணியோட தங்கச்சி இங்கதான் இருக்கா. அவ எழுதலாமா? அவளுக்கு என்னவிட நல்லாத் தெரியும்."

"பொட்டு உங்க காதுல இருக்கு. மாத்தினா ரெண்டும் பழக ஒரு வாரம் ஆகும். அவங்க சொல்லி நீங்க எழுதினாலும் ஒட்டாது. அந்தச் சொல்ல நீங்க காதால கேட்ட நேரம், நீங்களும் அந்த எடத்துல இருந்த நேரம், அது உங்க மனசுல ஓடணும். அந்த ஓட்டத்தத்தான் பொட்டு எடுத்துக்கிட்டுப் போய் அவகிட்டக் கட்டுது. அதனாலதான் சொல்லக் காட்டாம குறிப்ப மட்டும் குடுக்குறோம். தேடுறதுதான் மருந்து."

"மிருதுகிட்டயே கேட்டா?"

"நேரா மட்டும் கேட்டுடாதீங்க. ஆடுற பல்லு மாதிரி அது. தொட்டா கையோட வந்துரும்." பிறகு அவர் குரல் மாறியது. "மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"எப்ப?"

"ஆறு மணிக்கு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நான் அதப் பத்திப் போன மாசமே சொன்னேன். தூங்கறதுக்குப் போடுங்க, காலைல போடாதீங்கன்னு."

"போடலைன்னா வேலைக்குப் போக முடியறதில்ல டாக்டர்."

"தெரியுது. சரி. மெதுவாத் தேடுங்க. ஒரு சொல்லுக்கு மூணு தடவதான், மறந்துறாதீங்க. மூணாவதும் தப்பாச்சுன்னா கட்டம் மூடிரும்."

மாத்திரை போட்டால் தாரணி ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அவளைப் பார்க்கலாம். சத்தம் வராது. எட்டு மாதமாக அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

'அம்மா வண்டியின் பெயர் (2).' இது சுலபம். பச்சை ஸ்கூட்டர், கிளி. 'கிளிக்குப் பெட்ரோல் போடணும்' என்று அவள் தன்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். காதுக்குப் பின்னால் பொட்டு லேசாகத் துடித்தது. பச்சை.

'தலையில் வைப்பது, மணக்காதது (7).' கனகாம்பரம். பச்சை.

'பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றியது (4).' இடியாப்பம் என்று நினைத்து எண்ணினான். ஆறு எழுத்து. சென்னையில் படித்த புத்தி. இது உடுமலைப் பிள்ளையின் தலைக்குள் இருந்து வந்த கட்டம். இந்த ஊரில் சொல்வதுபோல் சந்தகை என்று எழுதினான். மஞ்சள்.

மஞ்சள் தப்பில் சேராது. ஆனால் மஞ்சளாகவே விட்டுவிட முடியாது. கண்ணை மூடினான். சந்தகை பிழியும் மர அச்சு. அதன் நீளமான கை. தாரணியால் அழுத்த முடியவில்லை. அவனைக் கூப்பிட்டாள். அவன் அழுத்தினான். அவன் தோளில் மிருதுளா தொற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம் தாரணி என்ன சொன்னாள்? வாய் அசைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். 'ரெண்டு பேரும் தொங்குங்க, அப்பத்தான் வரும்.' வந்தது. பச்சை.

மணி ஏழேகால். மூன்று சொல்லுக்கு ஒரு மணி நேரம் போயிருந்தது.

அனுசுயா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். தாரணியின் தங்கை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் தட்டச்சர். அக்கா இறந்த மாதம் ஒரு பெட்டியோடு வந்தவள், இன்னும் திரும்பிப் போகவில்லை.

"பால் பொங்கிக் கெடக்குது. பொங்கலுங்களா மாமா இன்னிக்கு?"

அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"மாத்திரை போட்டுட்டீங்களா?"

"ம்."

"நல்ல நாள் பாத்தீங்க போங்க."

எழுந்து போய் மேடையைத் துடைத்து, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவன் 'அம்மாவின் பெயர் (3)' என்பதை எழுதினான். பச்சை. அதற்கு அடுத்ததில் நின்றான்.

'அப்பாவின் பெயர் (4).'

நவநீதன் ஐந்து எழுத்து. மறுபடி எண்ணினான். ஐந்துதான்.

அனுசுயா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. சொல்ல மாட்டேன்."

"சொல்லாத. சொன்னா ஒட்டாது."

"ஒட்டுனாலும் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்குவீங்க."

அவன் காற்றாலைகளில் பழுது பார்க்கும் பொறியாளன். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். வீட்டுக்கு வருவதே பொழுது சாய்ந்த பிறகு. தனக்கு இந்த வீட்டில் ஒரு பெயர் இருந்தது என்பதே அவனுக்குச் செய்தி. கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்துவான். உள்ளே ஓடும் காலடிச் சத்தம். அப்புறம் ஒரு சிரிப்பு. எதற்கென்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை. கேட்டின் கொக்கியைத் தூக்கும்போது தாரணியின் குரல், தணிந்து: 'கதவத் தெற, காத்தாடி வந்துருச்சு.'

எழுதினான். பச்சை.

"காத்தாடியா நான்?"

"பின்ன. காத்தடிக்கிற ஊருலதான இருப்பீங்க, வீட்டுல எங்க இருந்தீங்க?" என்றாள் அனுசுயா. சொல்லிவிட்டுக் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிருதுளா எழுந்து வந்தாள். ஆறு வயது, கலைந்த தலை. நாற்காலியில் ஏறி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"இன்னிக்கு என்னுது?"

"சும்மா. வீட்டுச் சாமான்."

"கஷ்டமா?"

"இல்ல கண்ணு."

"அப்ப ஏன் கையி இப்படி ஆடுது?"

அவன் கையை மேசைக்கு அடியில் எடுத்துக்கொண்டான்.

எட்டு மணிக்கு ஒன்பது சொல் பச்சையாகியிருந்தது. மிச்சம் இரண்டு. கீழ்நோக்கி ஒன்று, குறுக்காக ஒன்று. கீழ்நோக்கியது, குறுக்குச் சொல்லின் இரண்டாவது கட்டத்தில் தொடங்கியது. கீழே போவதன் குறிப்பு: 'அவசரத்தில் அம்மா சொல்வது (4).' சீக்கிரம் என்றால் ஐந்து. வேறு எதுவும் தோன்றவில்லை. காலை அவசரம் எதிலும் அவன் வீட்டில் இருந்தது கிடையாது.

குறுக்கே இருந்ததை அவன் முதலிலேயே படித்திருந்தான். படித்துவிட்டுக் கடைசிக்குத் தள்ளியிருந்தான்.

'அம்மா இருக்கும் ஊர் (4).'

சுடுகாடு என்று எண்ணினான். நான்கு எழுத்து. ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்குப் பெண்பிள்ளைகள் யாரும் அங்கே போகவில்லை. இவள் அனுசுயாவோடு வீட்டில்தான் இருந்தாள். பிறகு மூன்றாம் நாள் அவளிடம் அவன் ஒரு ஊர் சொல்லியிருந்தான். அம்மாவுக்கு உடம்பு தேற வேண்டும், குளிர்ந்த இடத்தில் இருக்கிறாள், வால்பாறையில் இருக்கிறாள். வா, ல், பா, றை. நான்கு.

விரல் நின்றது. எழுதினால் ஒட்டிவிடும். பொட்டு கட்டியதை அப்புறம் யாராலும் அவிழ்க்க முடியாது. அவன் சொன்ன பொய், ஆயுசுக்கும் அவள் தலைக்குள் ஒரு ஊராக இருக்கும். எழுதாவிட்டால் ஊரோடு அம்மாவும் இல்லை.

எழுதினான். சிவப்பு.

சிவப்பை அவன் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான். எழுத்துப் பிழை இல்லை.

"அனு."

அடுக்களையில் இருந்து அவள் வந்தாள். குழந்தை முன்னறையில் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தணித்தான்.

"வால்பாறை இல்லையாம்."

அனுசுயா குறிப்பைப் படித்தாள்.

"நான் வேற சொல்லிட்டேனுங்க மாமா."

"என்ன சொன்ன?"

"நீங்க வேலைக்குப் போன பொறகு ஒருநா அழுதா. கைலாசத்துல சாமிகிட்ட இருக்கான்னு சொன்னேன்."

"நான் வால்பாறைன்னு சொல்லியிருக்கேன், நீ கைலாசம்னு சொன்னா?"

"நீங்க சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? எங்கிட்டச் சொன்னீங்களா? இந்த வீட்டுல நீங்க யாருகிட்ட என்னத்தச் சொன்னீங்க எட்டு மாசமா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன்." அவள் கண்களைப் புறங்கையால் துடைத்தாள். "கொழந்தைக்கு ரெண்டு ஊரு. எந்த பஸ்ஸுல ஏறுவா பாவம்."

கை, லா, ச, ம். அதுவும் நான்கு. அனுசுயா சொல்லி எழுதினால் ஒட்டாது. ஆனால் அவனும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படியில், மிருதுளாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டே அனுசுயா கைலாசத்தைப் பற்றி ஏதோ கதை சொன்னாள். அவன் கதவோரம் நின்றிருந்தான். அதை நினைவில் இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

சிவப்பு.

மணி எட்டு இருபத்தைந்து. இன்னும் ஒரே ஒரு தடவை.

அனுசுயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டையும் நம்பலையா அவ?"

எழுந்து கூடத்தில் நடந்தான். மிச்சம் இருப்பது சுடுகாடுதான். பள்ளியில் எவனாவது சொல்லியிருப்பானா? மூன்றாவதாக அதை எழுதிவிடலாமா? எழுதி அது சிவப்பானால் நாளைக் காலை இதே கூடத்தில் மாலை போட்ட படத்தைக் காட்டி அவள் யாரென்று கேட்பாள். இவன் பெயரைச் சொல்லுவான். அவள் திருப்பிச் சொல்லுவாள். பத்து நிமிடத்தில் மறந்துபோவாள். அதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.

நடந்தவன் நடுக்கூடத்தில் நின்றுவிட்டான். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. கை இரண்டும் தொங்கின. அப்படி நிற்பதில் ஏதோ பழக்கம் இருந்தது. கல்யாணமான முதல் வருடம், இதே இடம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்ப வேண்டும், அவன் எந்தச் சட்டை என்று தெரியாமல் நிற்கிறான். பின்னால் இருந்து முதுகில் ஒரு தட்டு. 'மசமசன்னு நிக்காதீங்க.' அதே தட்டு, அதே சொல், பிறகு பல வருடம் கழித்து ஒரு நாள், சீருடையில் தூங்கி வழியும் குட்டிப் பெண்ணுக்கு. அவன் அன்று விடுப்பில் இருந்தான். சவரம் செய்துகொண்டே கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

ம, ச, ம, ச. ஓடிப்போய் எழுதினான். பச்சை. குறுக்குச் சொல்லின் இரண்டாவது கட்டத்தில் ம வந்து உட்கார்ந்தது.

சுடுகாடு இல்லை. ஆனால் அப்புறம் என்ன?

"அத்த, மாமன், ஆராச்சும் வேற ஊரு சொல்லியிருப்பாங்களா?" என்றாள் அனுசுயா.

"அப்படின்னா எனக்குத் தெரிய வாய்ப்பில்ல. எனக்குத் தெரியாததக் கட்டம் கேக்காது. நான் இருந்த எடத்துலதான் அவ கேட்டிருக்கணும்."

"எங்க இருந்தீங்க நீங்க?"

இந்தத் தடவை அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவனும் யோசித்தான். தாரணி போன பிறகு, மாத்திரைக்கு முன்னால், அவன் இந்த வீட்டில் முழுதாக இருந்தது ஒரே ஒரு நாள்.

மணி எட்டு நாற்பது. அவன் வாசலுக்குப் போனான். மிருதுளா கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை. தெருவில் ஆட்கள் குறைவு. எதிர் வீட்டில் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். தாரணியை எடுத்துப்போன அன்று ஆட்கள் நின்ற இடத்தில் அவன் போய் நின்றான். மல்லிகைப் பந்தல், அதற்கு இந்தப் பக்கம். இங்கேதான். இடுப்பில் மிருதுளா இருந்தாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள், இறகு போல இருந்தாள்.

இரண்டாவது எழுத்து ம. ஊர். என்ன ஊர்? ஒரு தடவை மூவரும் அமராவதி அணைக்குப் போனார்கள். முதலைப் பண்ணை பார்த்தார்கள். அ, ம, ரா, வ, தி. ஐந்து. ஒரு கட்டம் அதிகம். இல்லை. அமரா...

வாய்க்குள் அந்தச் சொல் பாதியில் நின்றது.

கண்ணாடி விரிசல் விட்டதுபோல் இருந்தது. முதலில் வந்தது வாசனை. பன்னீரும் டீசலும். பிறகு சத்தம். யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். வெள்ளை வேன், முகம் இந்தப் பக்கம். கண்ணாடிக்கு மேலே, பேருந்துகளில் ஊர்ப் பெயர் இருக்கும் அதே இடத்தில், நீல எழுத்து. மிருதுளா எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் பலகை படிப்பாள். பேருந்து நிலையத்தில் ஒன்றை விடமாட்டாள், பழனி, பொள்ளாச்சி, தாராபுரம். அன்றும் அவன் இடுப்பில் இருந்தபடி, காய்ச்சலில் காய்ந்த உதட்டால், படித்தாள். அமரர் ஊர்தி என்று எழுதியிருந்தது. ஓரத்தில் கட்டியிருந்த சாமந்தி மாலை கடைசி எழுத்தின் மேல் விழுந்து கிடந்தது.

'அ... ம... ர... ர். அமரர் ஊர்.'

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். 'அப்பா, அமரர் எங்கிருக்குது?'

அவன் பேசவில்லை. தாரணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

'அப்பா. அம்மா போற ஊரு எங்கிருக்குது?'

'சும்மா இரு,' என்றான் அவன். அவள் முகத்தைத் தன் தோளில் திருப்பி அழுத்தினான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எட்டு மாதத்தில் முதல் தடவை வலித்தது. முழுதாக, எந்தத் தடுப்பும் இல்லாமல் வலித்தது. அனுசுயா பின்னால் வந்து நின்றது தெரிந்தது. "மாமா, மணி எட்டு அம்பத்தி மூணு," என்றாள்.

அவன் எழுதினான். அ. அடுத்து ம இருந்தது. ர. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது விரல் நழுவி, திரையில் வேறு எங்கோ பட்டது. அழித்தான். மறுபடி வைத்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி நின்றான். தப்பாக இருந்தால், இவள் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் இந்த ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது.

அழுத்தினான்.

காதுக்குப் பின்னால் பொட்டு துடித்தது. பச்சை.

கட்டம் முழுக்கப் பச்சையாகி, மூடிக்கொண்டது. ஒரு நிமிடம் கழித்து ஹசீனாவிடம் இருந்து செய்தி வந்தது. 'பதினொன்றும் ஒட்டிவிட்டது. ஆழமாகவே. இனி அசையாது.'

அனுசுயா அதைப் படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நவநீதன் செய்தியின் கடைசி இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அசையாது. மிருதுளா வளர்வாள். பத்திரிகையில், சுவரொட்டியில், கல்லில், எங்கே அமரர் என்று பார்த்தாலும் அவளுக்கு அது ஒரு ஊர். யார் என்ன அர்த்தம் சொல்லிக் கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதைத் தன் கையால் கட்டியிருக்கிறான்.

கேட் ஆடுவது நின்றது.

"முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது."

"சித்தி ஏன் அழுகுது?"

"அம்மா ஞாபகம்."

அவள் கம்பியில் இருந்து இறங்கினாள். அவன் சட்டையைப் பிடித்தாள். அன்று பிடித்த அதே இடம் இல்லை. இப்போது வளர்ந்திருந்தாள், தரையில் நின்றிருந்தாள்.

"அப்பா, அமரருக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

அனுசுயா தலையைத் தூக்கினாள். நவநீதன் கீழே உட்கார்ந்தான், சிமெண்டுத் தரையில். அவள் முகம் அவன் முகத்துக்கு நேராக வந்தது.

"அங்க பஸ்ஸு போகாது கண்ணு."

"தெரியும். வேன்தான் போகும்."

"ஆமா."

"ஸ்கூல் வேன் பொழுதோட திருப்பிக் கொண்டாந்து விடும். அது விடாதா?"

"விடாது. அது ஒரு பக்கம்தான் கூட்டிட்டுப் போகும். காலியாத்தான் திரும்பி வரும்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நான் அது பின்னாலயேதான் போனேன். அப்பறம் வேன் காலியா வந்துச்சு."

அவள் யோசித்தாள். எதிர் வீட்டில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப அம்மா வர மாட்டாங்க."

"வர மாட்டாங்க கண்ணு."

அவள் அழவில்லை. அவன் கண்ணில் இருந்து வழிவதை உன்னிப்பாகப் பார்த்தாள். அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பறம் ஏன் எங்கிட்ட வால்பாறைன்னு சொன்னீங்க?"

பொய் சொல்லாமல் என்ன சொல்லலாம் என்று தேடினான்.

"எனக்கு அந்த ஊரு பேரு மறந்துபோச்சு சாமி."

மிருதுளா தலையாட்டினாள். அவளுக்கு அது புரிந்தது. சொல் மறந்துபோவது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். அவன் தோளில் கையை வைத்தாள்.

"பரவால்லப்பா," என்றாள். "எனக்கு மறக்கல."